பரணில் கிடக்கும் லேப்டாப், பையில் இருக்கும் பென் டிரைவ்

2025 அக்டோபர் 14. அன்றோடு விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. மறுநாள் காலையில் எந்தக் கணினியும் நின்றுபோய்விடவில்லை. வேலூரை அடுத்த கணியம்பாடியின் ஜெராக்ஸ் கடைக் கணினியும் சரி, ஆம்பூர் ஷூ கம்பெனியின் கணக்குப் பிரிவுக் கணினியும் சரி, வழக்கம்போலவே ஓடின. நின்றது பாதுகாப்புத் திருத்தங்களின் வரத்து. இனி ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் வராது. வீட்டுக் கணினிகளுக்கு ஓராண்டு தவணை நீட்டிப்பு உண்டு. அதுவும் தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு, 2026 அக்டோபர் 13 வரை மட்டும்.

“விண்டோஸ் 11 போட்டுட்டா வேலை முடிஞ்சுது” என்று கிளம்புகிறவர் அடுத்த சுவரில் முட்டிக்கொள்வார். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். அதாவது 2017-க்கு முன்னால் வாங்கிய இயந்திரம், எவ்வளவு நன்றாக ஓடினாலும், வரிசையில் நிற்கவே தகுதியற்றது. இந்த ஒரு முடிவால் உலகம் முழுக்க 24 கோடி கணினிகள் கழிவாகப் போகக்கூடும் என்று கனலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே கணக்குச் சொல்லியிருந்தது.

பழைய லேப்டாப்புகள் விஷயத்தில் தமிழ்நாட்டுக்குத் தனி வரலாறு உண்டு. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அடுத்த பத்தாண்டுக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் பிளஸ் டூ, கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்கள் கைக்குப் போயின. வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், பாகாயம் தாண்டி வரும் கணியம்பாடியும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களும் இந்தத் திட்டத்தில் நேரடியாகப் பயன்பெற்ற வகையைச் சேர்ந்தவை. அப்பா தோல் பதனிடும் ஷாப்பில், அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பிரிவில், பிள்ளை அரசுப் பள்ளியில். அந்த வீட்டுக்குள் நுழைந்த முதல் கணினி, மூடியில் அரசு முத்திரையோடு வந்த அந்த லேப்டாப்தான்.

இன்று அவற்றில் பல பரணில் கிடக்கின்றன. “ஆன் பண்ணா சுத்திக்கிட்டே இருக்குது” என்பது பொதுவான புகார். இரும்புக்கடைக்குப் போகவும் மனசு வராது. கவர்மென்ட் கொடுத்தது, பிள்ளை படித்தது.

கெட்டுப்போனது லேப்டாப்பா, அதற்குள் இருக்கும் ஓஎஸ் என்ற இயங்குதளமா? இதைக் கண்டுபிடிக்க ஆகும் செலவு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு பென் டிரைவ். சர்வீஸ் கடைகளில் இதற்குப் பெயர் ‘பூட்டபிள்’. “பூட்டபிள் இருக்கா, கொஞ்சம் குடு” என்றுதான் கடைக்குக் கடை கைமாறும்.

முதல் 512 பைட்

பவர் பட்டனை அழுத்தியதும் விழித்துக்கொள்வது விண்டோஸ் அல்ல. மதர்போர்டில் இருக்கும் சின்னச் சிப்புக்குள் ஒரு நிரல் இருக்கிறது. பழைய கணினிகளில் பயாஸ், புதியவற்றில் யுஇஎஃப்ஐ. ராம் சரியாக இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அது ஒரு வரிசைப்படி தேடப் போகும்: ஹார்டு டிஸ்க்கில் ஓஎஸ் உண்டா, யுஎஸ்பி-யில் உண்டா, நெட்வொர்க்கில் உண்டா? முதலில் எங்கே கிடைக்கிறதோ, அங்கே பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த வரிசையில் பென் டிரைவை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதுதான் மொத்த வித்தையும். ஹார்டு டிஸ்க் செத்துக் கிடந்தாலும், அதில் விண்டோஸ் குழம்பிப் போயிருந்தாலும், பென் டிரைவிலிருந்தே ஒரு முழு இயங்குதளம் எழுந்து நிற்கும்.

பென் டிரைவைக் கையில் எடுத்ததும் பயாஸ் பார்ப்பது அதன் முதல் 512 பைட்டை. கடைசி இரண்டு பைட்டில் 55, ஏஏ என்ற முத்திரை இருந்தால் ‘இது பூட் ஆகக்கூடியது’ என்று ஏற்றுக்கொள்ளும். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகிறது. 512 பைட்டில் இந்தப் பத்தியின் இரண்டு மூன்று வரிக்கு மேல் அடங்காது. அந்த இடத்துக்குள் உட்கார்ந்திருக்கும் சிறுநிரல்தான் அடுத்த நிரலை எழுப்பி, அது அதற்கடுத்ததை எழுப்பி, கடைசியில் டெஸ்க்டாப் வரை கூட்டிவருகிறது. யுஇஎஃப்ஐ வந்தபின் முறை மாறியது. அது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பகுதியைத் திறந்து, இஎஃப்ஐ என்ற ஃபோல்டருக்குள் பூட் என்ற ஃபோல்டரில் குறிப்பிட்ட பெயருள்ள கோப்பு இருக்கிறதா என்று தேடும்.

இதைத் தெரிந்துகொண்டால், பலரும் முதல்தடவை செய்யும் தப்பு ஏன் தப்பு என்று விளங்கிவிடும். இணையத்திலிருந்து இறக்கிய, ஓஎஸ் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை, சினிமா படத்தைக் காப்பி செய்வதுபோல பென் டிரைவில் போட்டுவிட்டு, “பூட் ஆகலையே” என்பார்கள். பயாஸ் கண்ணுக்கு அது ஒரே ஒரு பெரிய கோப்பு. முத்திரையும் இல்லை, தேடும் ஃபோல்டரும் இல்லை. ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் அமைப்பை அப்படியே பென் டிரைவின் மேல் விரித்து எழுத வேண்டும். அந்த வேலைக்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. அயர்லாந்தில் வாழும் பீட் பட்டார்ட் 2011 இறுதியில் வெளியிட்ட ரூஃபஸ், அதில் பேர்போனது. விண்டோஸ் நிறுவல் கோப்புகளில் ஒன்று 4 ஜிபியைத் தாண்டிவிட்டது. ஃபேட்32-ல் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு நுழையாது. இந்த மாதிரித் தகராறுகளையெல்லாம் பயனர் கண்ணில் படாமல் ரூஃபஸ் தீர்த்துவைக்கும். 2020-ல் வந்த வென்டாய் இன்னும் சோம்பேறிகளுக்கு உகந்தது. பென் டிரைவை ஒருதடவை அதற்குத் தயார் செய்துவிட்டால், பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளை உண்மையிலேயே சினிமா படம்போலக் காப்பி செய்து போட்டுக்கொண்டே போகலாம். பூட் ஆகும்போது பட்டியல் காட்டி எது வேண்டும் என்று கேட்கும். சர்வீஸ் கடைக்காரர்களின் சாவிக்கொத்தில் இப்போது தொங்குவது பெரும்பாலும் இதுதான்.

ஃப்ளாப்பியிலிருந்து சிங்கப்பூர் வரை

வெளியிலிருந்து பூட் செய்வது ஏதோ மீட்புப் பணிக்காகப் பிற்பாடு கண்டுபிடித்த உபாயம் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் ஆதி முறை அதுதான். 1980களில் பல கணினிகளுக்கு ஹார்டு டிஸ்க்கே கிடையாது. டாஸ் ஃப்ளாப்பியைச் செருகினால்தான் இயந்திரத்துக்கு உயிர். ஃபார்மேட் கட்டளையோடு ‘/எஸ்’ சேர்த்து அடித்து ‘சிஸ்டம் டிஸ்க்’ செய்துகொள்வது அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் சென்டர்களின் அரிச்சுவடி.

பிறகு சிடி வந்தது. சிடியிலிருந்து பூட் ஆக ஒரு தரம் வேண்டுமே. ஐபிஎம், ஃபீனிக்ஸ் நிறுவனங்களின் பொறியாளர்கள் 1995-ல் அதை வெளியிட்டார்கள். அதன் பெயர் எல் டொரிட்டோ. கலிஃபோர்னியாவின் இர்வைன் நகரில் அவர்கள் சாப்பிடப்போன மெக்சிக உணவகத்தின் பெயர் அது. நம்மூர்ப் பொறியாளர்கள் எழுதியிருந்தால் சரவண பவன் தரம் என்று உலகம் முழுக்க பயாஸ்களில் பதிந்திருக்கும்.

பென் டிரைவ் 2000-ல் வந்தது. சிங்கப்பூரின் ட்ரெக் 2000 நிறுவனம் ‘தம்ப்டிரைவ்’ என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் ஐபிஎம் 8 எம்பி டிரைவை விற்கத் தொடங்கியது. 8 எம்பிதான். ஆனால் அது ஐந்து ஃப்ளாப்பிக்கு மேல். அதே 2000-ல் ஜெர்மனியில் கிளாஸ் நாப்பர் என்பவர் நாப்பிக்ஸை வெளியிட்டார். கணினியில் எதையும் நிறுவாமல், ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல், சிடியிலிருந்தே லினக்ஸ் இயங்குதளம் முழுவதும் ஓடும். ஒரு 700 எம்பி சிடியில் 2 ஜிபி அளவுக்கான மென்பொருளைச் சுருக்கி அடைத்திருந்தார். ‘லைவ்’ என்று இன்று சொல்லும் முறைக்குப் பரவலாகப் பாதை போட்டது அது.

இணையம் நத்தை வேகத்தில் இருந்த அந்தக் காலத்தில் 700 எம்பியை இறக்குவது பகல் கனவு. அதனால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, 2003-ல் இந்தியாவில் தொடங்கிய ‘லினக்ஸ் ஃபார் யூ’ மாத இதழோடு வரும் சிடி. இன்னொன்று, உபுண்டு லினக்ஸின் ‘ஷிப்இட்’ சேவை. முகவரி கொடுத்தால் போதும், பைசா செலவில்லாமல் தபாலில் உறை போட்ட சிடி வீடு தேடி வரும். 2011 ஏப்ரலில் அந்தச் சேவையை நிறுத்தும்வரை, பொறியியல் கல்லூரி விடுதிகளில் வெளிநாட்டுத் தபால்தலையோடு வந்த அந்த உறையைச் சேர்த்துவைத்தவர்கள் உண்டு. வேலூர் வட்டாரத்தில் விஐடி முதல் கணியம்பாடி கணாதிபதி துளசிஸ் ஜெயின் பொறியியல் கல்லூரி வரை படித்த தலைமுறைக்கு, ‘ஓஎஸ்’ என்பது கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய வட்டத் தகடாக இருந்த காலம் அது.

அரசு கொடுத்தது, கொடுக்காதது

தமிழ்நாடு இந்தப் பாதையில் இந்தியாவிலேயே முந்திக்கொண்ட மாநிலங்களில் ஒன்று. மாநில அரசின் எல்காட் நிறுவனத்தின் மேலாண் இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், 2007 வாக்கில் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். அரசு கொள்முதலிலும் லினக்ஸைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு மத்திய அரசின் சி-டாக் அமைப்பின் சென்னை மையம் ‘பாஸ்’ லினக்ஸை வெளியிட்டது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. டெபியனை அடித்தளமாகக் கொண்டு, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் இடைமுகம் அமைத்திருந்தார்கள். 12-ஆம் வகுப்புக் கணினிப் புத்தகத்தில் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸுக்குப் பதிலாக ஸ்டார் ஆஃபீஸ் இடம்பிடித்திருந்ததும் ஏறக்குறைய இதே காலம்தான்.

விலையில்லா லேப்டாப்பிலும் விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் என இரண்டு ஓஎஸ் இருந்தன. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று பட்டியல் காட்டும். ஆனால் பாஸைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? பல வீடுகளில் அந்தப் பட்டியல் ஒரு தொந்தரவாகத்தான் இருந்தது. “தம்பி, அந்த ரெண்டாவதை எடுத்துட்டு இடத்தை மட்டும் மிச்சம் பண்ணிக் கொடு” என்று சர்வீஸ் கடைக்கு வந்து கேட்டவர்கள் உண்டு. கடைக்காரர் செய்து கொடுத்தார். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்தபோது, அதே கடைக்காரர் விண்டோஸ் 10-ஐப் போட்டுக்கொடுத்தார். 2 ஜிபி ராமும் சுழலும் ஹார்டு டிஸ்க்கும் கொண்ட முதல் தவணை லேப்டாப்பில் விண்டோஸ் 10 எப்படி ஓடும்? சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

இடையில் ஒரு வாய்ப்பு வந்துபோனது. 2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்பி ஓய்வு பெற்றபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாற வேண்டும் என்று தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது. உத்தரவு பலமாக இருந்தது. மேசைகளில் பெரும்பாலும் விண்டோஸே நீடித்தது. ஓஎஸ்-ஐ மாற்றுவது சுற்றறிக்கையால் நடக்கிற காரியம் அல்ல. அலுவலகத்துக்கு அலுவலகம் யாராவது ஒருவர் பென் டிரைவோடு போய் உட்கார வேண்டும். பிரிண்டர் வேலை செய்கிறதா, தமிழ்99 விசைப்பலகை வருகிறதா என்று பார்த்துக் கொடுத்துவிட்டு எழ வேண்டும். லேப்டாப் திட்டத்தில் விட்டுப்போனதும் இதுதான். 50 லட்சம் பேருக்குக் கணினி கிடைத்தது. அந்தக் கணினிக்குத் தானே ஒரு ஓஎஸ் போட்டுக்கொள்ளும் பழக்கம் கிடைக்கவில்லை. அதனால் கணினி மாணவரிடமும், அதைப் பற்றிய முடிவு கடைக்காரரிடமும் இருந்தன.

கடைக்காரரைக் குறை சொல்வதில் பொருளில்லை. முந்நூறோ ஐந்நூறோ வாங்கிக்கொண்டு ‘ஓஎஸ் போட்டுக் கொடுக்கும்’ அந்தக் கடைகள் இல்லாவிட்டால் வேலூர் மாவட்டக் கிராமங்களில் பாதிக் கணினிகள் எப்போதோ நின்றிருக்கும். சிக்கல் வேறு இடத்தில். அந்த விலைக்குப் போடப்படும் விண்டோஸ் பல சமயம் உரிமமில்லாதது. அதை முடுக்கிவிடப் பயன்படுத்தும் ‘ஆக்டிவேட்டர்’ எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. வைரஸ் கார்டை அணைத்துவிட்டுத்தான் அதை ஓட்டவே முடியும். வீட்டுக் கணினியில் மகளின் கல்லூரிச் சான்றிதழ், அப்பாவின் வங்கிக் கடவுச்சொல் எல்லாம் இருக்கின்றன.

தொழிற்சாலையின் மூலையில்

வீட்டுக் கணினியாவது போகட்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல், காலணி ஆலைகளில் இன்னொரு வகைக் கணினி உண்டு. ஷூவின் பேட்டர்னை வரைந்து, ஒரு அளவிலிருந்து மற்ற அளவுகளுக்கு விரிக்கும் கணினி. தோலை வெட்டும் இயந்திரத்தோடு இணைந்த கணினி. இவற்றின் மென்பொருள் பல ஆண்டுகளுக்கு முன்னால் இயந்திரத்தோடு சேர்த்து வாங்கியது. புது விண்டோஸில் ஓடாது. புதிதாக வாங்கினால் இயந்திரத்தையே மாற்றச் சொல்வார்கள். அதனால் எக்ஸ்பியும் விண்டோஸ் 7-ம் இன்னும் உயிரோடு இருக்கும் இடங்கள் இவை. ஹார்டு டிஸ்க் ஒருநாள் படுத்துவிட்டால் ஏற்றுமதி ஆர்டர் நின்றுபோகும்.

இங்கே பூட்டபிள் பென் டிரைவுக்கு வேறு வேலை. தைவான் தேசிய உயர்செயல்திறன் கணினி மையத்தில் உருவான குளோன்சில்லா என்ற இலவச மென்பொருளை பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்தால், உறங்கும் ஹார்டு டிஸ்க்கை அப்படியே படியெடுத்து இன்னொரு டிஸ்க்கில் வைத்துவிடும். விண்டோஸ், பேட்டர்ன் மென்பொருள், அதன் அமைப்புகள் எல்லாம் அச்சுப் பிசகாமல். நாளை டிஸ்க் போனால் அரைநாளில் ஆலை மறுபடி ஓடும். நெட்வொர்க்கிலிருந்து அந்தக் கணினியைப் பிரித்துவைப்பதும் இந்தப் படியும் சேர்ந்தால்தான் பழைய இயந்திரத்தை நிம்மதியாக வைத்திருக்க முடியும். பராமரிப்புப் பிரிவில் உள்ள எலெக்ட்ரீஷியனே செய்துவிடக்கூடிய வேலை இது.

பெரிய இடங்களும் கடைசியில் பென் டிரைவிடம்தான் வந்து நின்றன. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் உறைந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இணையம் வழியே சரிசெய்ய வழியில்லை; கணினி எழுந்தால்தானே இணையம். மைக்ரோசாஃப்ட் அடுத்த நாளே கொடுத்த மருந்து, ஒரு பூட்டபிள் யுஎஸ்பி-யைத் தயாரிக்கும் கருவி. பொறியாளர்கள் பென் டிரைவைப் பிடித்துக்கொண்டு கணினி கணினியாக நடந்தார்கள்.

செய்வது எப்படி, சிக்குவது எங்கே

கணியம்பாடி வட்டாரம் மருத்துவ ஆய்வேடுகளில் அடிக்கடி வரும் பெயர். வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் சமுதாய நலப் பிரிவு, பாகாயத்திலிருந்து இந்த வட்டாரக் கிராமங்களின் பிறப்பு, இறப்பு, கர்ப்பகாலப் பராமரிப்பு விவரங்களைப் பதிந்துவருகிறது. 1980களிலேயே அவை கணினிக்கு ஏறிவிட்டன. அதன்பின் டாஸ் போய், எத்தனையோ விண்டோஸ் வந்து போய்விட்டன. ஓஎஸ் மாறும், தரவு நிலைக்க வேண்டும்: ஓஎஸ் போட உட்காருகிற எவரும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கடைக்கு லேப்டாப்பைக் கொண்டுவருகிறவரின் முதல் கேள்வியும் அதுதான்: “அண்ணே, கல்யாண போட்டோ டி டிரைவ்ல இருக்கு. அது போயிடாதே?”

லைவ் பென் டிரைவ் இருந்தால் போகாது. லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ எழுதிய பென் டிரைவிலிருந்து பூட் செய்து, ‘நிறுவு’ என்பதைத் தொடாமல் சோதனை முறையில் ஓட்டினால், டெஸ்க்டாப் வந்துவிடும். அங்கிருந்தே பழைய ஹார்டு டிஸ்க்கைத் திறந்து, போட்டோக்களை இன்னொரு டிரைவுக்கு மாற்றிக்கொள்ளலாம். வைஃபை, ஒலி, கீபோர்டு எல்லாம் வேலை செய்கிறதா என்றும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். பிடிக்கவில்லையா, கணினியை அணைத்து பென் டிரைவைப் பிடுங்கினால் பழைய நிலை.

தயாரிப்பு எளிது. 8 ஜிபி பென் டிரைவ் பெரும்பாலானவற்றுக்குப் போதும். கையில் 16 இருந்தால் நல்லது. அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதை எழுதுவதற்கு முன்பே நினைவில் கொள்ள வேண்டும். நடைபாதையில் ‘2 டிபி’ என்று அச்சிட்டு மலிவாக விற்பதை வாங்கினால், உள்ளே இருப்பது சில ஜிபிதான். கொள்ளளவைப் பொய்யாகச் சொல்லும்படி மாற்றிய டிரைவ் அது, பாதி எழுதும்போது கையை விரிக்கும். ஐஎஸ்ஓ கோப்பை அந்தந்த ஓஎஸ்ஸின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்க வேண்டும். இறக்கியபின் அதன் ஷா-256 சரிபார்ப்பு எண்ணைத் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. பாதியில் அறுந்த இறக்கத்தையும் கலப்படத்தையும் அது காட்டிக்கொடுத்துவிடும். இதைச் செய்கிறவர்கள் அபூர்வம், செய்யாமல் விட்டு இரண்டு மணிநேரம் தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் அதிகம்.

ரூஃபஸில் பலர் திணறுவது, டிரைவைப் பகுதி பிரிக்கும் முறை ‘எம்பிஆரா, ஜிபிடியா’ என்ற கேள்வியில். முதல் தவணை அரசு லேப்டாப்புகள்போல 2012-க்கு முற்பட்ட பயாஸ் இயந்திரம் என்றால் எம்பிஆர். அதற்குப் பின் வந்த, விண்டோஸ் 8 காலத்துக்கு அப்புறமான இயந்திரம் என்றால் பெரும்பாலும் ஜிபிடி. டெல், லெனோவோ, ஏசரில் ஆன் செய்தவுடன் எஃப்12-ஐத் தட்டிக்கொண்டே இருந்தால் பூட் பட்டியல் வரும். ஏசரில் அந்த எஃப்12-ஐயே பயாஸுக்குள் போய் இயக்கிவிட வேண்டியிருக்கலாம். எச்பி-யில் எஃப்9. ‘செக்யூர் பூட்’ என்ற காவல் சில இயந்திரங்களில் வழிமறிக்கும். மின்ட், உபுண்டு போன்றவை அதற்கான கையொப்பத்தோடு வருவதால் பெரும்பாலும் விட்டுவிடும்.

புதிய லேப்டாப்பில் கைவைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 11 பல இயந்திரங்களில் டிஸ்க்கைச் சத்தமில்லாமல் பூட்டி வைக்கிறது. பூட் அமைப்பை மாற்றியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணக்கை உருவாக்கியது கடைக்காரப் பையன், கடவுச்சொல் அவனுக்கும் மறந்துவிட்டது என்றால், கல்யாண போட்டோவுக்கு யாரும் பொறுப்பில்லை.

எந்த ஓஎஸ் என்பது ராமைப் பொறுத்தது. 4 ஜிபி இருந்தால் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு தாராளமாக ஓடும். 2 ஜிபி என்றால் ஆன்டிஎக்ஸ், பப்பி போன்ற இலகுவானவை. சுழலும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டால், பரணில் கிடந்த லேப்டாப் அதே லேப்டாப்தானா என்று சந்தேகம் வரும். ரூஃபஸில் டிபிஎம் நிபந்தனையைத் தூக்கிவிட்டு விண்டோஸ் 11 போடவும் வழி இருக்கிறது. அப்படிப் போட்ட கணினிக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. அவசியமான ஒரு விண்டோஸ் மென்பொருளை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவருக்கு லினக்ஸ் தீர்வாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டேலி மென்பொருளில் கணக்கு எழுதும் தோல் வியாபாரியிடம் மின்ட்டைத் திணித்தால், அடுத்த வாரமே லேப்டாப் கடைக்குத் திரும்பி வரும்.

பக்கத்து மாநிலமும் இன்னொரு மாவட்டமும்

கேரளத்தில் கதை வேறு. 2001-ல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம், இன்று கைட் என்ற அரசு நிறுவனமாக வளர்ந்து, பள்ளிகளுக்கென்றே உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட ஒரு லினக்ஸைத் தயாரித்துத் தருகிறது. 2019-ல் வந்த பதிப்பு இரண்டு லட்சம் கணினிகளில் போடப்பட்டது; உரிமக் கட்டணமாக 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கைட் கணக்குச் சொன்னது. அந்தத் தொகையைப் பற்றி வாதிடலாம். வாதிட முடியாதது, ஆசிரியர்களும் மாணவர் குழுக்களும் தங்கள் கையாலேயே அதை நிறுவப் பழகியது.

தமிழ்நாட்டில் இந்த வேலையை அரசுக்கு வெளியே சிலர் செய்துவருகிறார்கள். த. ஸ்ரீனிவாசன் 2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ், லினக்ஸ் நிறுவுவது முதல் நிரல் எழுதுவது வரை தமிழிலேயே கட்டுரைகளையும் இலவச மின்னூல்களையும் தந்திருக்கிறது. விழுப்புரத்தில் விஜிஎல்யூஜி என்ற கட்டற்ற மென்பொருள் குழு கிராமப்புற மாணவர்களைக் கூட்டிவைத்துப் பல ஆண்டுகளாகப் பயிற்சி தருகிறது. கணியம்பாடி வழியாகப் போகும் காட்பாடி – விழுப்புரம் ரயில் பாதையின் மறுமுனை அது. இந்த முனையில் அப்படியொரு கூட்டம் கூட்டத் தடையென்று எதுவும் இல்லை.

2018-ல் மாறிய பாடத்திட்டத்தில், பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் விண்டோஸோடு உபுண்டுவும் பாடமாக இருக்கிறது. திரையின் படம் போட்டு, எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று விளக்கியிருக்கிறார்கள். மாணவர்கள் அதை ஐந்து மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்கிறார்கள். அந்த உபுண்டுவை ஒரு பென் டிரைவில் எழுதி, பள்ளி ஆய்வகத்தில் பூட் செய்து பார்க்க ஒரு பாடவேளை போதும். 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். அவற்றோடு ஒரு பென் டிரைவும், அதை என்ன செய்வது என்று சொல்லும் ஒருநாள் வகுப்பும் சேர்ந்தால் அரசுக்கு ஆகும் கூடுதல் செலவு, லேப்டாப்பைச் சுமக்கும் பைக்கு ஆகும் செலவைத் தாண்டாது.

பழையவற்றுக்கு அரசு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பொறியியல் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஏதாவது ஒரு கிராமத்தில் எப்படியும் நடக்கத்தான் போகிறது. ஒரு சனிக்கிழமை, பள்ளி வகுப்பறை ஒன்று, இரண்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அரை டஜன் பென் டிரைவ், எஃப்12 எங்கே இருக்கிறது என்று தெரிந்த நாலு மாணவர்கள் போதும். கஷ்டப்பட வேண்டியது சார்ஜருக்குத்தான். பல வீடுகளில் லேப்டாப்பைப் பத்திரமாகத் துணி சுற்றி வைத்திருப்பார்கள். சார்ஜரை மட்டும் எப்போதோ யாரோ இரவல் வாங்கிப் போயிருப்பார்கள்.